டாலர் காசும் கிடங்குச் சீட்டும்

சென்ற மாதம் பாலக்கரையில் நமது அங்கத்தினர்கள் சிலர் கூடியிருந்தபோது எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். உறையூரிலிருந்து நெசவாளர் இருவர், தொட்டியத்துப் பக்கத்திலிருந்து வாழை பயிரிடும் அன்பர் ஒருவர், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். நூல் விலையைப் பற்றியும் வாழைத்தாரின் விலையைப் பற்றியும் வழக்கமான பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்பொழுது, காலஞ்சென்ற நெசவாளர் ஒருவரின் மனைவியாரான ஓர் அம்மையார், தம் கைப்பேசியை நீட்டி, "தம்பி, சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் அடுத்த மாதத்திலிருந்து பணத்தை டாலர் காசாக அனுப்புகிறேன் என்கிறான். ஒரு காசுக்கு ஒரு டாலர், அது என்றைக்கும் மாறாது என்கிறான். வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

கூடியிருந்தோரில் ஒருவர் இது முழு மோசடி என்றார். இளைஞர் ஒருவர், உலகமே இனி இதில்தான் நடக்கப் போகிறது என்றார். இரண்டு பதிலும் அம்மையாருக்கு உதவவில்லை. அவருடைய மாத வருமானம் முழுவதும் அந்த மகன் அனுப்பும் பணந்தான். சங்கத்தில் வாங்கிய கடனின் தவணையும் அதிலிருந்தே கட்டப்படுகிறது. ஆகவே விஷயத்தை நிதானமாகப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஸ்டேபிள்காயின் என்று இவற்றுக்குப் பெயர். நிலைக்காசு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பிட்காயின் போன்றவற்றின் விலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். நிலைக்காசோ அப்படியன்று. அதை வெளியிடும் கம்பெனி, "நீங்கள் ஒரு டாலர் கொடுத்தால் ஒரு காசு தருவோம், காசைத் திருப்பிக் கொடுத்தால் அந்த டாலரைத் தருவோம்" என்று வாக்களிக்கிறது. காசு என்பது கணினிகளில் எழுதிவைக்கப்படும் ஒரு கணக்குத்தான். அது கையிலிருந்து கைக்குச் சில விநாடிகளில், கடல் கடந்தும் மாறிவிடும்.

விவசாயிகளுக்கு இது புதிய செய்தியன்று. நூறு மூட்டை நெல்லைக் கிடங்கில் இறக்கிவிட்டு ரசீது வாங்குகிறோம். அந்த ரசீதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்தால் நெல்லின் பாத்தியதையும் அவருக்குப் போகிறது. மூட்டையைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை. சௌகரியமான ஏற்பாடுதான். ஆனால் ரசீதின் மதிப்பு ரசீதில் இல்லை, கிடங்கில் இருக்கிறது. கிடங்குக்காரர் நூறு மூட்டைக்கு நூற்றிருபது ரசீது எழுதிவிட்டால் என்ன ஆகும்? எல்லோரும் ஒரே நாளில் வண்டி கட்டிக்கொண்டு வராத வரையில் ஒன்றும் ஆகாது. வந்துவிட்டால், கடைசியில் வந்தவர்கள் வெறும் காகிதத்தோடு திரும்ப வேண்டும். நிலைக்காசின் சங்கதி முழுவதும் இந்த உவமைக்குள் அடங்கும். கிடங்கில் உள்ளது என்ன, அது எவ்வளவு, கதவைத் தட்டிக் கேட்கும் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் அறிந்தால் போதும்.

இந்தக் கதை ஒருமுறை நம் ஜில்லா மக்களையும் தொட்டுச் சென்றிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் தொழிலாளர் கமிஷன் 1904இல் ஏற்பட்டபோது, அதன் தலைமை அலுவலகத்தைத் திருச்சியிலேயே வைத்தார்கள் என்றால், இந்த ஊருக்கும் அந்தத் தீவுக்கும் இருந்த உறவைப் புரிந்துகொள்ளலாம். அவர்கள் உழைத்த காலத்தில் இலங்கையில் செலாவணியாகிய காகித நோட்டுகள் அரசாங்கம் வெளியிட்டவை அல்ல. தனியார் வங்கிகள் வெளியிட்டவை. அவற்றுள் முதன்மையானது ஓரியண்டல் பாங்க் கார்ப்பொரேஷன். 1842இல் பம்பாயில் வேறு பெயரில் தோன்றிப் பின்னர் லண்டனுக்குத் தலைமையிடத்தை மாற்றிக்கொண்டு, 1851இல் அரச சாசனம் பெற்ற பெரிய வங்கி அது. நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் வெள்ளி ரூபாய் கொடுப்போம் என்பது அதன் வாக்குறுதி. இன்றைய நிலைக்காசுக் கம்பெனியின் வாக்குறுதிக்கும் இதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

1869இல் காப்பிச் செடியின் இலையில் துரு போன்ற ஒரு நோய் இலங்கையில் கண்டறியப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் அது தோட்டங்களை அழித்தது. அந்தத் தோட்டங்களின்மேல் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியின் சொத்தில் ஒரு பெரும் பகுதி வாடிய செடிகளாகப் போயிற்று. நோட்டின் முகத்தில் மட்டும் ஒரு மாறுதலும் இல்லை! அதே காகிதம், அதே முத்திரை, அதே வாக்குறுதி. 1884ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி, சனிக்கிழமை, வங்கி பட்டுவாடாவை நிறுத்தியது. கொழும்பில் பெரும் பீதி. நோட்டு வைத்திருந்தவர்கள் அது நாளைக்குச் செல்லுமா என்று அறியாமல் திகைத்தார்கள். கவர்னர் சர் ஆர்தர் கார்டன், லண்டன் மந்திரியின் முன் அனுமதிக்குக் காத்திராமல், அந்த நோட்டுகளுக்கு அரசாங்கமே ஜாமீன் என்று அறிவித்தார். பீதி தணிந்தது. அரசாங்கம் ஜாமீன் நின்றிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். அவ்வாண்டே காகிதச் செலாவணிச் சட்டம் பிறந்தது. நோட்டு வெளியிடும் அதிகாரம் தனியாரிடமிருந்து எடுக்கப்பட்டு, செலாவணிக் கமிஷனர்கள் அடங்கிய ஒரு சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. வெளியிட்ட நோட்டுக்கு ஈடாக ஒரு பகுதியை வெள்ளி நாணயமாகவும் மறு பகுதியைப் பத்திரங்களாகவும் அச்சபை வைத்திருந்தது. 1950இல் மத்திய வங்கி ஏற்படும் வரையில் இலங்கையின் நோட்டு இந்த முறையில்தான் நடந்தது.

இப்பொழுது நம் காலத்துக்கு வருவோம்.

2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் தேதி அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துச் சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. யுஎஸ்டிசி என்னும் நிலைக்காசை வெளியிடும் சர்க்கிள் கம்பெனி, தன் கையிருப்பான ஏறத்தாழ 4,000 கோடி டாலரில் 330 கோடி டாலர் அந்த வங்கியில் அகப்பட்டுக்கொண்டது என்று தெரிவித்தது. மறுநாள் சனிக்கிழமை. என்றும் ஒரு டாலராக நிற்க வேண்டிய காசு 88 சென்டுக்கும் கீழே விலைபோயிற்று. ஞாயிறு மாலையில் அமெரிக்க அரசாங்கம் அந்த வங்கியில் போட்ட பணம் முழுவதுக்கும் பொறுப்பேற்றது. திங்கட்கிழமையன்று காசு பழைய விலைக்குத் திரும்பிவிட்டது. கார்டன் துரை கொழும்பில் செய்ததும் இதுவும் ஒன்றே. 139 ஆண்டுகளுக்குப் பின்னும், தனியார் கொடுத்த வாக்கைக் கடைசியில் அரசாங்கந்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. இத்தனைக்கும் சர்க்கிள் கம்பெனி மோசடி ஒன்றும் செய்யவில்லை. அதன் கையிருப்பு உண்மையானதே. அந்த வார இறுதியில் விற்றவர்கள்தாம் நஷ்டப்பட்டார்கள். பொறுத்திருந்தவர்களுக்கு நஷ்டம் இல்லை. ஆனால் திங்கட்கிழமை மருத்துவமனைக்குப் பணம் கட்ட வேண்டியவர் பொறுத்திருக்க முடியுமா?

கிடங்கில் நெல்லே இல்லாத காசும் ஒன்று இருந்தது. டெர்ராயுஎஸ்டி என்பது அதன் பெயர். தென்கொரியாவைச் சேர்ந்த டோ குவான் என்பவரின் கம்பெனி அதை நடத்தியது. ஒரு காசைக் கொடுத்தால் டாலர் தரமாட்டார்கள். ஒரு டாலர் பெறுமான லூனா என்னும் இன்னொரு காசைத் தருவார்கள். அந்த லூனாவையும் வேண்டிய மட்டும் அவர்களே உண்டாக்கிக்கொள்ளலாம். ஒரு ரசீதுக்கு ஈடாக இன்னொரு ரசீது! இதை நம்பிச் சுமார் 1,800 கோடி டாலர் அளவுக்கு மக்கள் பணம் போட்டார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. காசைப் போட்டு வைத்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு இருபது வீதம் வட்டி கிடைக்கும் என்ற ஆசை காட்டப்பட்டது. 2022 மே மாதத்தில் சிலர் பெருந்தொகையாகத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். கேட்கக் கேட்க லூனாவை உண்டாக்கிக் கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்க லூனாவின் விலை விழுந்தது. விழ விழ இன்னும் அதிகமாக உண்டாக்க வேண்டியதாயிற்று. மாதத் தொடக்கத்தில் எண்பது டாலர் விற்ற லூனா ஒரு வாரத்தில் ஒரு சென்டுக்கும் கீழே போயிற்று. இரண்டு காசுகளிலுமாக ஏறத்தாழ 4,000 கோடி டாலர் கரைந்தது. டோ குவான் 2025 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். போட்ட பணத்தை இழந்தவர்களுக்கு இதனால் என்ன லாபம்?

அம்மையாரின் மகன் அனுப்புவதாகச் சொன்னது இந்த இரண்டும் அல்ல. மூன்றாவதாகிய டெதர். உலகிலேயே மிகுதியாகப் புழங்கும் நிலைக்காசு அதுதான். 2025ஆம் ஆண்டின் இறுதியில் நிலைக்காசுகளின் மொத்தத் தொகை 30,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதில் பாதிக்கு மேல் டெதர். 2014இல் தொடங்கிய இக்காசு டெர்ரா விழுந்தபோதும், சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோதும் பெரிதும் நிலைபெயராமல் நின்றது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அதன் கிடங்குக் கணக்கு நெடுங்காலம் சுத்தமாக இருந்ததில்லை. 2021 பிப்ரவரியில் நியூயார்க் மாகாண அரசு வழக்கறிஞரோடு 1 கோடியே 85 லட்சம் டாலர் கட்டிச் சமாதானம் செய்துகொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்க வாயிதா வர்த்தக ஆணையம் 4 கோடியே 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. 2016க்கும் 2018க்கும் இடையில் ஆராயப்பட்ட 26 மாத காலத்தில், நூற்றுக்கு 27.6 நாட்களில் மட்டுமே முழு ஈடு இருந்தது என்பது அந்த ஆணையத்தின் முடிவு. மற்ற நாட்களிலும் "ஒவ்வொரு காசுக்கும் ஒரு டாலர் உள்ளது" என்ற விளம்பரம் நின்றபடியேதான் இருந்தது! இன்று அதன் ஈட்டில் பெரும் பகுதி அமெரிக்க அரசாங்கக் குறுகிய காலப் பத்திரங்கள். அவற்றோடு தங்கமும் பிட்காயினும் கொஞ்சம் கடனும் கலந்திருக்கின்றன. காலாண்டுதோறும் கணக்காளரின் சான்றறிக்கை வெளிவருகிறது. முழுமையான தணிக்கை அறிக்கை 2025 முடியும் வரையில் வெளிவரவில்லை.

நமது சங்கத்தில் ஆண்டுத் தணிக்கை சில வாரம் தாமதமானால் பொதுச் சபையில் எவ்வளவு கூச்சல் எழுகிறது! அந்தக் கூச்சல் நல்லது. தொடக்கச் சங்கங்களின் வைப்புத் தொகைக்கு, வங்கிகளுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் வைப்புக் காப்பீடு கிடையாது என்பதை நம்மிலேயே பலர் அறிய மாட்டார்கள். நமது பாஸ் புத்தகமும் ஒரு வாக்குறுதிதான். தணிக்கையும், கிடங்கைத் திறந்து எண்ணிப் பார்க்கும் பாத்தியதையும், ஆளுக்கொரு வாக்கும் அதற்குக் காவல். டெதர் வைத்திருப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

எல்லாவற்றிலும் முக்கியமான சங்கதி, யார் கதவைத் தட்டலாம் என்பது. டெதர் கம்பெனியிடம் நேரே காசைக் கொடுத்து டாலர் கேட்க வேண்டுமானால், அடையாளம் சரிபார்க்கப்பட்ட வாடிக்கையாளராக இருக்க வேண்டும். ஒரு தடவைக்குக் குறைந்தபட்சம் ஒரு லட்சம் டாலர் கேட்க வேண்டும். நம் பணத்தில் எண்பது லட்சம் ரூபாய்க்கு மேல்! கொழும்பில் 1884க்கு முன் ஐந்து ரூபாய் நோட்டு வைத்திருந்தவன்கூட வங்கிப் பலகைக்குமுன் நின்று வெள்ளி கேட்கலாம். பாலக்கரை அம்மையாரால் அது முடியாது. அவர் செய்யக்கூடியது, அதை வாங்க மனமுள்ள இன்னொருவருக்கு விற்பதுதான். ஆகவே "ஒரு டாலருக்கு ஒரு காசு" என்ற வாக்குறுதி அவருக்குக் கொடுக்கப்பட்டதே அன்று. பெரிய வியாபாரிகளுக்குக் கொடுத்த வாக்குறுதியின் நிழலில் அவர் நிற்கிறார். கம்பெனி தன் பத்திரங்களின் மீது பெறும் வட்டியிலும் அவருக்குப் பங்கில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் 1,300 கோடி டாலர் லாபம் என்று அக்கம்பெனியே அறிவித்தது.

அமெரிக்காவில் 2025 ஜூலை 18ஆம் தேதி ஜீனியஸ் சட்டம் என்ற ஒன்று கையொப்பமாயிற்று. முழு ஈடும் ரொக்கமாகவோ குறுகிய காலப் பத்திரங்களாகவோ இருக்க வேண்டும், மாதந்தோறும் கணக்குக் காட்ட வேண்டும், வைத்திருப்பவருக்கு வெளியிடும் கம்பெனி வட்டி தரக்கூடாது, கம்பெனி நொடித்தால் காசு வைத்திருப்பவர்களுக்கே முதல் உரிமை என்றெல்லாம் அது விதிக்கிறது. சிங்கப்பூரின் நாணய ஆணையமும் 2023 ஆகஸ்டில் தன் விதிகளை வகுத்தது. கேட்ட ஐந்து வேலை நாட்களுக்குள் முழுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இவை நல்ல ஏற்பாடுகள். இலங்கையின் 1884ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரப்பிள்ளைகள் என்று சொன்னால் தவறாகாது.

அரசாங்கம் கட்டிவைக்கும் விலையும் அறுந்து போவதுண்டே என்று தொட்டியத்து அன்பர் கேட்டார். நியாயமான கேள்வி. 2021 செப்டம்பரிலிருந்து இலங்கை மத்திய வங்கி ஒரு டாலருக்குச் சுமார் 203 ரூபாய் என்று பிடித்து வைத்திருந்தது. கையில் டாலர் குறையக் குறைய அந்த விலை பெயரளவில் மட்டும் நின்றது. வெளிநாட்டில் உழைத்தவர்கள் உண்டியல்காரரிடம் கூடுதல் விலைக்குப் பணத்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2022 மார்ச்சில் பிடியை விட்டார்கள். மே மாதத்தில் டாலர் 360 ரூபாயை எட்டியது. இப்படிப்பட்ட நாட்டில் வாழ்பவர் டாலர் காசை நாடினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அர்ஜென்டினாவிலும் நைஜீரியாவிலும் பலர் அதனால்தான் அதை நாடுகிறார்கள். சொந்த நாட்டின் நாணயம் நாணயமாக இல்லாதபோது வேறு என்ன செய்வது?

நம் நிலை அப்படியில்லை. அம்மையாருக்குத் தேவை டாலரும் அன்று. உறையூர்க் கடையில் செல்லும் ரூபாய். இங்கே நிலைக்காசு வைத்திருப்பது குற்றமன்று; ஆனால் அது சட்டப்படி செல்லும் பணமும் அன்று. அதில் லாபம் வந்தால் 2022 ஏப்ரல் முதல் நூற்றுக்கு 30 வீதம் வரி உண்டு. அவ்வாண்டு ஜூலை முதல், வரம்புக்கு மேற்பட்ட விற்பனையில் நூற்றுக்கு ஒன்று முன்கூட்டியே பிடிக்கப்படுகிறது. ரிசர்வ் வங்கி இந்தக் காசுகளை ஐயத்தோடே பார்க்கிறது. மக்கள் டாலர் காசுக்கு மாறிவிட்டால் ரூபாயின் ஆளுகை தளர்ந்துவிடும் என்று அஞ்சுகிறது. அதுவே 2022 டிசம்பர் 1 முதல் பொதுமக்களுக்கான மின்னணு ரூபாயைச் சோதனையாக விட்டிருக்கிறது. வாழைத்தார் ஏற்றுமதி செய்வோரும் சேலை அனுப்புவோரும் இன்னொன்றையும் மறக்கலாகாது. ஏற்றுமதிக் கிரயம் அங்கீகாரம் பெற்ற வங்கி வழியாகவே நாட்டுக்குள் வர வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. வெளிநாட்டு வியாபாரி "டெதராக அனுப்பிவிடுகிறேன்" என்றால் அது கணக்கில் ஏறாது.

இவற்றையெல்லாம்விடக் கிட்டத்தில் நிற்கும் ஆபத்து வேறு. அன்று பேச்சிலிருந்த நெசவாளர் ஒருவரின் உறவினருக்கு நேர்ந்தது இது. அவர் காசை முன்பின் அறியாத ஒருவருக்கு விற்று, தம் வங்கிக் கணக்கில் ரூபாயைப் பெற்றார். வாங்கியவன் அனுப்பிய பணமோ வேறு மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றிப் பறித்தது. அந்த மாநிலப் போலீசார் பணத்தின் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து, இவர் கணக்கை முடக்கச் செய்தார்கள். இவர்மேல் குற்றமில்லை என்று காட்டுவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. காசு ஒரு டாலராகவே நின்றது. அவர் அரிசிக்குக் கடன் வாங்கினார்.

மகன் ஏன் இந்த வழியை நாடினான் என்று அம்மையாரைக் கேட்டேன். அனுப்பும் செலவு குறையும், உடனே வந்து சேரும் என்று அவன் தங்கும் விடுதியில் ஒருவர் சொன்னாராம். அவன் விரும்பியது தவறன்று. அதற்கு வேறு வழி இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. 2023 பிப்ரவரி 21ஆம் தேதியன்று சிங்கப்பூரின் பேநவ் முறையும் நம் யூபிஐ முறையும் இணைக்கப்பட்டன. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஸ்டேட் வங்கி முதலியவை தொடக்கத்திலேயே அதில் சேர்ந்தன. நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரையில் என்று வரம்பு வைத்து ஆரம்பித்தார்கள். கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்குச் சில நிமிடங்களில் பணம் ரூபாயாகவே வந்து சேர்கிறது.

அன்றிரவு அம்மையார் சொல்லச் சொல்ல மகனுக்குச் செய்தி எழுதிக் கொடுத்தேன். பையன் முதலில் சற்றுக் கோபித்துக்கொண்டான். இருநூறு டாலருக்குக் காசை ஏற்கெனவே வாங்கிவிட்டானாம். அதை விற்க மாட்டேன், என்னிடமே இருக்கட்டும் என்று பதில் எழுதினான். இருக்கட்டும் என்று அம்மையாரும் விட்டுவிட்டார். வீட்டுச் செலவுக்கான பணம் இம்மாதம் 7ஆம் தேதி வங்கி வழியாக வந்தது. மறுநாள் காலையில் அவர் சங்கத்துக்கு வந்து, நின்றிருந்த இரண்டு தவணையையும் கட்டி, ரசீதை இரண்டு முறை படித்துப் பார்த்து மடியில் முடிந்துகொண்டு போனார்.